ஐந்தடிப் பெண்ணுக்கு எந்த ஸ்விங்? யூடியூபில் கிடைக்கும் கோல்ஃப் வீராங்கனைகளின் வீடியோக்கள்: காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு விமர்சனம்

பெண்கள் பார்த்துப் பழகுவதற்கு ஏற்ற கோல்ஃப் ஸ்விங், அதாவது மட்டையைச் சுழற்றிப் பந்தை அடிக்கும் விதம், யாருடையது என்று தேடுகிறவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் ஐ மியாசாதோ. யூடியூபில் காசில்லாமல் கிடைக்கிறது. உயரம் ஐந்தடியை ஒட்டி, வயது நாற்பதைத் தாண்டி, பக்கத்தில் மைதானமும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை என்றால் வேறு எங்கும் அலைய வேண்டாம். ஏன் அவர், மற்றவர்கள் ஏன் இல்லை, வீடியோவை எப்படிப் பார்த்தால் பயன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோத்தமங்கலத்தில் இருக்கிறேன். பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். குண்டு எறிதல், வட்டு எறிதல், கோ-கோ, வலைப்பந்து என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே காலம் போனது. கோலாலம்பூரில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோது அவர் பந்து அடிக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே என் வயதுப் பெண்கள் வரிசையாக நின்று அடித்ததைப் பார்த்த அன்றே கோல்ஃப் பிடித்துவிட்டது. ஊருக்குத் திரும்பும்போது அவருடைய பழைய 7 அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான மட்டை) ஒன்றையும், அண்ணியின் டிரைவரையும் (அதிக தூரம் அடிப்பதற்கான நீள மட்டை) கையோடு கொண்டுவந்தேன்.

செட்டிநாட்டில் கோல்ஃப் மைதானம் கிடையாது. கொடைக்கானலில் 1895இல் தொடங்கிய கோல்ஃப் கிளப் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து மதுரை வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர், கடைசியில் மலை ஏற்றம் வேறு. நினைத்த நேரத்தில் போய்வர முடியாது. ஆக எனக்கு ஆசிரியர் என்றால் வீடியோதான். அப்படியானால் யாருடைய வீடியோ என்பது சின்ன கேள்வி இல்லை. பார்த்துப் பழகுகிறவர் எதைப் பார்க்கிறாரோ அதுதான் உடம்பில் ஏறும். மைதானத்தில் நான் கண்ணால் கண்டது இது. வாயால் எவ்வளவு விளக்கினாலும் ஏறாத வட்டு எறிதல், மாநிலப் போட்டிக்குப் போய்வந்த ஒரு மாணவி எறிவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் மற்ற பிள்ளைகளுக்கு வந்துவிடும். நல்லது மட்டுமல்ல, அவளுடைய கோணலும் சேர்ந்தே வந்துவிடும். அதனால் முன்மாதிரியைத் தேர்ந்தெடுப்பதில் நான் மிகவும் கறார்.

முதலில் ஆண்களின் வீடியோக்கள். தேடினால் முன்னால் வந்து நிற்பவை அவைதான். ஒரு செயலிக்குச் சந்தா கட்டியிருந்தேன். அதன் மாதிரி ஸ்விங் தொகுப்பைத் திறந்தால் பெரும்பாலும் ஆண்கள். என் வீடியோவை ஆறடி உயர ஆண் ஒருவரின் பக்கத்தில் வைத்துக் கோடு போட்டுக் காட்டி, ‘இங்கே வித்தியாசம், அங்கே வித்தியாசம்’ என்று சிவப்பு சிவப்பாகக் குறித்தது. வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்? சந்தாவை நிறுத்திவிட்டேன்.

ஆண்களைப் பார்த்துப் பழகக் கூடாது என்று சொல்ல வரவில்லை. கிரிப் (மட்டையைப் பிடிக்கும் விதம்), நிற்கும் விதம், முடிக்கும்போது கால் தடுமாறாமல் நிற்பது இதெல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் டிரைவர் அடிப்பது ஒன்று அல்ல. டிராக்மேன் என்ற ரேடார் கருவி நிறுவனம் வெளியிட்ட சராசரி அட்டவணை ஒன்று இருக்கிறது. அதில் அமெரிக்க ஆண்களின் தொழில்முறைப் போட்டித் தொடரில் டிரைவர் தலையின் வேகம் மணிக்கு 113 மைல், எல்பிஜிஏ என்ற பெண்களின் தொழில்முறைத் தொடரில் 94 மைல். இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். அடுத்த எண்தான் முக்கியம். பந்தைத் தொடும் நேரத்தில் ஆண்களின் டிரைவர் சராசரியாக ஒரு டிகிரிக்குச் சற்று மேல் கீழ்நோக்கி இறங்குகிறது; பெண்களுடையது சுமார் மூன்று டிகிரி மேல்நோக்கி ஏறுகிறது. காரணம் எளிது. வேகம் குறைவாக இருக்கும்போது பந்து காற்றில் அதிக தூரம் போக வேண்டுமென்றால் அதை உயரமாக, அதிகம் சுழலாமல் கிளப்ப வேண்டும். ஏறுமுகத்தில் அடித்தால்தான் அது நடக்கும். வேகம் மிகுந்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நமக்கோ 94 மைல் என்பதே கனவு. அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டினாலே நான் சந்தோஷப்படுவேன். அப்படிப்பட்டவர் ஆண்களின் டிரைவர் ஸ்விங்கை அச்சாகப் பழகினால், பந்து தாழ்வாகக் கிளம்பிச் சீக்கிரமே தரைக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை ஆண் பயிற்சியாளர்கள் யாரும் பேசி நான் கேட்டதில்லை. கிளப்பை (மட்டையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) பிடித்து நிற்கும்போது கைகள் மார்புக்கு மேலே இருக்க வேண்டுமா, பக்கவாட்டிலா? ‘கையை உடம்போடு ஒட்டி வை’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கே ஒட்டுவது? பெண்களின் வீடியோக்களை முன்பக்கமிருந்து பார்த்தால் பதில் கிடைக்கிறது. இடுப்பிலிருந்து நன்றாகக் குனிந்து, கைகள் தோளிலிருந்து தாமாகத் தொங்குவதற்கு இடம் விடுகிறார்கள். பலர் இடக்கையை மார்பின் மேலாகவும், வலக்கையைச் சற்றுப் பக்கமாகவும் வைக்கிறார்கள். முழங்கை விஷயமும் அப்படித்தான். பெண்களுக்கு முழங்கையிலிருந்து முன்கை வெளிப்பக்கம் சாயும் கோணம் பொதுவாக ஆண்களைவிட அதிகம். சிலருக்குக் கை நேர்கோட்டையும் தாண்டிப் பின்னால் வளையும். அவர்களிடம் போய் ‘இடக்கையை விறைப்பாக நீட்டு’ என்றால் முழங்கை பூட்டிக்கொண்டு வலிதான் மிஞ்சும். வலைப்பந்து ஆடிய பிள்ளைகளிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, வீராங்கனைகளுக்கு வருவோம்.

பழைய காலத்தில் தொடங்கினால் மிக்கி ரைட். 82 எல்பிஜிஏ வெற்றிகள், அவற்றில் 13 மேஜர்கள் (ஆண்டின் மிகப் பெரிய போட்டிகள்), 1963இல் மட்டும் 13 பட்டங்கள். தான் பார்த்ததிலேயே சிறந்த ஸ்விங் என்று அந்தக் கால அமெரிக்க ஜாம்பவான் பென் ஹோகனே பாராட்டியது இவருடையதை. பார்க்கப் பார்க்க அழகு. ஆனால் கிடைப்பவை பழைய படச்சுருள்கள். தெளிவு போதாது, கோணமும் நமக்கு வசதியாக இருப்பதில்லை. உயரமானவர் வேறு. ரசிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லி கோர்டா. இன்றைக்கு எல்லோரும் காட்டும் பெயர். டோக்கியோ ஒலிம்பிக் தங்கம், 2024இல் களமிறங்கிய ஐந்து போட்டிகளைத் தொடர்ந்து வென்றது, அந்த ஆண்டு மொத்தம் ஏழு பட்டங்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் உயரம் ஐந்தடி பத்து அங்குலம். அவ்வளவு நீளக் கை கால்கள் போடும் வட்டம் வேறு. உயரமான கல்லூரிப் பெண் யாராவது கேட்டால் இவரைத்தான் காட்டுவேன். எனக்கு இல்லை.

லெக்ஸி தாம்சன், அவருக்கு முந்தைய தலைமுறையில் லாரா டேவிஸ். இருவரும் பந்தை அடிக்கும் நொடியில் குதிகாலைத் தரையிலிருந்து தூக்கி நுனிக்காலில் எழும்புவார்கள். அவர்களுடைய பலத்துக்கு அது சரி. பழகுகிறவர்கள் அதைத் தொட வேண்டாம். கணுக்கால் போய்விடும்.

லிடியா கோவிடம் ஒரு சிக்கல் உண்டு, அது எல்லாத் தேடலுக்கும் பொருந்தும். ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம், பாரிஸில் தங்கம் வென்றவர். உயரமும் நமக்கு எட்டாத உயரம் அல்ல. ஆனால் சிறுமியாக நியூசிலாந்தில் ஆடியதிலிருந்து இன்றுவரை பயிற்சியாளர்களைப் பலமுறை மாற்றியிருக்கிறார். ஸ்விங்கும் கூடவே மாறியிருக்கிறது. ‘லிடியா கோ ஸ்விங்’ என்று தேடினால் வருகிற வீடியோக்களில் நாலைந்து லிடியாக்கள் இருக்கிறார்கள். வீடியோ ஏற்றிய பலர் எந்த ஆண்டு எடுத்தது என்று போடுவதில்லை. ஏற்றிய தேதி வேறு, எடுத்த தேதி வேறு. காலையில் ஒரு லிடியா, மாலையில் இன்னொரு லிடியா என்று பழகினால் உடம்பு எதைக் கேட்கும்? யாரைத் தேர்ந்தெடுத்தாலும், ஒரே ஆண்டில் ஒரே போட்டியில் எடுத்த வீடியோக்களாகப் பார்த்து, அவற்றை மட்டும் தனிப் பட்டியலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்னிகா சோரன்ஸ்டாம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதத் தோன்றுகிறது. 72 எல்பிஜிஏ வெற்றிகள், 10 மேஜர்கள், 2001இல் ஒரு சுற்றின் 18 குழிகளையும் வெறும் 59 அடியில் முடித்தவர். இத்தனைக்கும் பந்தை அடிக்கும்போது அவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கிளப் பந்தைத் தொடும் நேரத்தில் அவர் தலை ஏற்கெனவே இலக்குப் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கும். படம் படமாக நகர்த்திப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். கோல்ஃப் என்றாலே எல்லோரும் முதலில் சொல்வது ‘தலையை அசைக்காதே, கீழேயே பார்’ என்பது. அண்ணனும் அதைத்தான் சொன்னார். அதைக் கேட்டுத் தலையை இறுக்கிப் பிடித்தால் கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் சேர்ந்து நின்றுவிடுகிறது. உடம்பு நின்றபின் கை மட்டும் ஓடுகிறது. கழுத்து வலி இருக்கிறவர்களுக்கு இது இன்னும் மோசம். அன்னிகாவின் வீடியோவைப் பார்த்து, மார்போடு சேர்ந்து தலையும் தானாகத் திரும்பட்டும் என்று விட்டபிறகு என் கழுத்துக்கு நிம்மதி. தலை மேலே எழும்பவும் இல்லை, முன்னால் ஓடவும் இல்லை. இருந்த இடத்திலேயே திரும்புகிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே எல்லாப் பெண்களும் அன்னிகாவைப் பார்க்க வேண்டும் என்பேன். எந்தக் கிளப்பை எடுத்தாலும் தாளம் மாறாது என்பது அவருடைய இன்னொரு பெருமை.

அப்படியானால் அன்னிகாவையே முழுதாகப் பழகலாமே என்று கேட்கலாம். அவர் உடற்பயிற்சியில் இரும்பாகத் தேறியவர். அவர் இறங்கும் வேகத்துக்கு என் இடுப்பு ஈடுகொடுக்காது. அதனால் அவரிடமிருந்து தலையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கொரியாவின் இன்பீ பார்க்கும் நெடுநாள் என் பட்டியலில் இருந்தார். 2013இல் அந்த ஆண்டின் முதல் மூன்று மேஜர்களையும் வரிசையாக வென்றவர், ரியோவில் தங்கம் வாங்கியவர். பேக்ஸ்விங் (கிளப்பைப் பின்னால் கொண்டுபோவது) அவ்வளவு மெதுவாக எழும்பும். மணிக்கட்டை மிகக் குறைவாகவே மடக்குவார். மணிக்கட்டு வலியுள்ளவர்களுக்கு நல்ல செய்தி: மடக்காமலேயே உலகின் உச்சிக்குப் போகலாம். ஆனால் கிளப்பை அவர் நேராக மேலே தூக்கிக்கொண்டு போகும் விதம் அவருக்கே உரியது. பார்த்துப் பழக முயன்றால் எனக்குக் கை மட்டும் மேலே போகிறது, தோள் திரும்புவதில்லை.

இனி மியாசாதோ.

1985இல் ஓகினாவா தீவில் பிறந்தவர். அப்பாவே பயிற்சியாளர். அண்ணன்கள் இருவரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். 2009இல் எவியான் மாஸ்டர்ஸில் முதல் எல்பிஜிஏ வெற்றி, 2010இல் ஐந்து பட்டங்கள், அதே ஆண்டில் உலகத் தரவரிசையில் முதலிடம். மொத்தம் ஒன்பது எல்பிஜிஏ வெற்றிகளோடு 2017இல் ஓய்வு பெற்றார். அதிக தூரம் அடிப்பவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. தன்னைவிட உயரமான, பலமான பெண்களுக்கு நடுவே இந்த உடம்பை வைத்துக்கொண்டு முதலிடத்துக்குப் போனவர். எனக்கு அதுவே போதுமான சான்றிதழ்.

அவர் ஸ்விங்கைச் சாதாரண வேகத்தில் ஓடவிட்டாலே, வீடியோவை மெதுவாக்கி வைத்திருக்கிறோமோ என்று சந்தேகம் வரும். கிளப் பின்னால் போகும்போது கை முந்துவதில்லை. தோளும் மார்பும் கொண்டுபோகிற வேகத்தில்தான் கை போகிறது. மேலே போனதும் அவசரம் இல்லை. முழுதாகத் திரும்பி முடித்தபின்தான் இறங்குகிறார். எங்கள் அப்பத்தா உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: தூக்குவது நிதானம், விழுவது அதன் எடையில். இறங்கும்போது கூடுதலாக அமுக்குவதே கிடையாது. மியாசாதோவின் டவுன்ஸ்விங் (கிளப் இறங்குவது) தொடங்கும் நேரத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தோளும் கையும் பாய்வதில்லை, கால் பக்கமிருந்து மெதுவாகத் தொடங்குகிறது. முடித்தபின் முன்காலில் அப்படியே நிற்கிறார், பந்து எங்கே விழுகிறது என்று பார்த்தபடி.

பள்ளியில் பிள்ளைகளிடம் நான் பார்த்தவரை, எறிதலோ அடித்தலோ, கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பின்னால் போய்த் திரும்பும் இடம். அங்கே பதறினால் மற்ற எதுவும் சரியாக வராது. மியாசாதோவிடம் அந்த இடத்தில் பதற்றமே இல்லை. பலமுள்ளவர்கள் அங்கே கொஞ்சம் தவறினாலும் பலத்தால் சரிக்கட்டிக்கொள்வார்கள். நமக்கு அந்த வசதி இல்லாததால், தாளத்தை எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இதுதான் நான் சொல்ல வந்ததே. வீராங்கனையிடமிருந்து வேகத்தைப் பழக முடியாது, தூரத்தைப் பழக முடியாது. தாளத்தைப் பழகலாம், சமநிலையைப் பழகலாம்.

வீடியோ பார்க்கும் முறைக்கு வருகிறேன். பலர் செய்வது, மெதுவாக்கிய வீடியோவை மட்டுமே பார்ப்பது. அதில் வடிவம் தெரியும், தாளம் தெரியாது. நான் சாதாரண வேகத்தில் எடுத்த ஒரு வீடியோவை முதலில் எடுத்துக்கொள்வேன். எதையும் ஆராயாமல், சும்மா, திரும்பத் திரும்ப. காலை காபி நேரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம்தான் 0.25 வேகத்தில் வைத்து ஒரு விஷயத்தை மட்டும் பார்ப்பது. கணினி இருந்தால் இன்னும் வசதி: வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டமாக (வீடியோவின் தனித்தனிப் படமாக) முன்னே போகும், காற்புள்ளி விசை பின்னே கொண்டுவரும்.

சட்டங்களை எண்ணினால் ஒரு கணக்குப் புலப்படும். தேர்ந்த ஆட்டக்காரர்களின் முழு ஸ்விங்கில் பின்னால் போகும் நேரம், கீழே இறங்கிப் பந்தைத் தொடும் நேரத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நொடிக்கு 30 சட்டம் ஓடும் வீடியோவில் 24க்கு 8, அல்லது 27க்கு 9. வேகமாக அடிப்பவரோ மெதுவாக அடிப்பவரோ, இந்த மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். இதை உடம்பில் ஏற்ற எனக்கு உதவியது சொற்கட்டு. ‘தகதிமி த’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். முதல் ‘த’வில் கிளப் நகரத் தொடங்க வேண்டும். ‘மி’யில் மேலே போய் முடிய வேண்டும். அடுத்த ‘த’வில் பந்து. ‘த’விலிருந்து ‘மி’ வரை மூன்று இடைவெளி, ‘மி’யிலிருந்து ‘த’வுக்கு ஒன்று. கணக்குச் சரியாக உட்காருகிறது. கொஞ்சம் விரைவாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பரதம் படித்த பெண்களுக்கு இது ஒரே நாளில் வந்துவிடும்.

பந்து இல்லாமல் பழகுவதற்கு நம் பக்கத்து வீடுகளைப்போல வசதியான இடம் வேறு இல்லை என்று சொல்லத் துணிகிறேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கற்களின் விளிம்பே நேர்கோடு. கால் விரல்கள் ஒரு கோட்டில், பந்து இருக்க வேண்டிய இடம் இன்னொரு கோட்டில், இலக்கு அந்தக் கோடு போகும் திசையில். கடையில் இதற்கென்றே குச்சிகள் விற்கிறார்கள். நமக்குத் தேவையே இல்லை. வெறுங்காலில் நில்லுங்கள், காலுறையோடு வேண்டாம், அந்த வழவழப்பில் வழுக்கும். எங்கள் வீட்டில் ஐயா காலத்துப் பெல்ஜியம் கண்ணாடி ஒன்று ஆளுயரத்துக்கு இருக்கிறது. அதன் முன்னால் கிளப் இல்லாமல் கையை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பிப் பார்ப்பேன். கிளப்போடு என்றால் முற்றத்துக்குப் போய்விட வேண்டும். பர்மாத் தேக்குத் தூணில் பட்டால் பங்காளிகளுக்குப் பதில் சொல்லி முடியாது. முதலில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். பெரிய வீட்டு அண்ணன் மட்டும், ‘ஆச்சி, தாராளமாச் செய்யுங்க, பந்து மட்டும் உள்ளே வேண்டாம்’ என்றார். நியாயமான பேச்சு.

கண்ணாடி என்றதும் நினைவுக்கு வருகிறது. திக்ஷா தாகர் வீடியோக்களையும் பாருங்கள். காது கேளாதோர் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நம் நாட்டு வீராங்கனை, இடக்கை ஆட்டக்காரர். வலக்கைக்காரர்களான நமக்கு அது ஒரு வசதி: முன்பக்கமிருந்து எடுத்த அவர் வீடியோவை எதிரே வைத்துக்கொண்டு நின்றால், கண்ணாடியில் நம்மையே பார்ப்பதுபோல் அவருடைய உடம்பு நம்மோடு ஒரே பக்கம் திரும்பும். மூளைக்குள் இடம் வலம் மாற்றிக்கொள்ளும் வேலை மிச்சம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இது நிறையவே உதவும்.

நம் ஸ்விங்கையும் படம் பிடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இப்போது பல கைப்பேசிகளில் நொடிக்கு 240 சட்டம் எடுக்கும் வசதி இருக்கிறது. நல்ல வெளிச்சம் தேவை. நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. கைப்பேசியை முக்காலியில், கை இருக்கும் உயரத்தில் வையுங்கள். தரையில் சாய்த்து வைத்து எடுத்தால் எல்லாக் கோணமும் பொய்யாகத் தெரியும். பக்கவாட்டிலிருந்து, அதாவது இலக்குக்கு எதிர்ப்பக்கமிருந்து, எடுக்கும்போது கைப்பேசி நம் கைகளின் நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஓரடி தள்ளிப்போனாலும் கிளப் வேறு பாதையில் போவதுபோல் காட்டும். இன்னொரு விஷயம் தெரியாமல் பயந்துவிடாதீர்கள்: கைப்பேசிப் படத்தில் கிளப்பின் தண்டு வில்லாக வளைந்து தெரியும். அது நிஜ வளைவு அல்ல. கேமரா ஒரு படத்தை ஒரே நேரத்தில் எடுக்காமல் வரி வரியாக எடுப்பதால், வேகமாக நகரும் பொருள் வளைந்ததுபோல் பதிவாகிறது.

பந்தோடு பழக வலை வேண்டும். கிரிக்கெட் வலை வாங்கும்போது கண் அளவைப் பாருங்கள். கோல்ஃப் பந்தின் குறைந்தபட்ச விட்டம் 42.67 மில்லிமீட்டர், சில கிரிக்கெட் வலைகளில் அது சுலபமாக நுழைந்து பக்கத்துக் கொல்லைக்குப் போய்விடும். நான் தொண்டியிலிருந்து சின்னக் கண் மீன்வலை வரவழைத்து, கொல்லையில் இரண்டு வேம்புகளுக்கு நடுவே தளர்வாகத் தொங்கவிட்டிருக்கிறேன். இழுத்துக் கட்டினால் பந்து திரும்பி வரும். தரை விஷயத்தில் கவனம் தேவை. நம் செம்மண் வெயிலில் காய்ந்தால் பாறைதான். வெறும் தரையில் 7 அயர்னை இறக்கினால் அதிர்ச்சி முழுக்க முழங்கைக்கு வரும். செயற்கைப் புல் பாய், அதன் கீழே பழைய ரப்பர் விரிப்பு, இரண்டும் அவசியம். முதலில் கொஞ்ச நாள் பஞ்சுப் பந்துகளே போதும். தூரம் தெரியாதே என்கிற குறை வரும். வரட்டும், தாளம் பழகும்போது தூரம் தெரியாமல் இருப்பது நல்லதுதான்.

மியாசாதோ வீடியோக்களின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அவர் விளையாடி முடித்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. கோர்டாவுக்கு இருப்பதுபோல் மிகத் துல்லியமான, எல்லாப் பக்கமிருந்தும் எடுத்த படங்கள் அவருக்கு அதிகம் இல்லை. ஜப்பானிய மொழிப் பேச்சோடு வருபவை நிறைய. பேச்சு புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பயிற்சியின்போது மிக மிக மெதுவாகக் கிளப்பைச் சுழற்றும் காட்சிகள் கிடைத்தால் விடாதீர்கள். அதைச் செய்து பார்த்தால்தான் எந்த இடத்தில் கால் தடுமாறுகிறது என்று தெரியும். எனக்கு இறங்கத் தொடங்கும் இடத்தில் தடுமாறும், இப்போது குறைந்திருக்கிறது.

துல்லியமான புதிய படம்தான் வேண்டும் என்பவர்களுக்கு, அதே ஜப்பானின் அயாகா ஃபுருயே. ஐந்தடி உயரம்தான். 2024 எவியான் சாம்பியன்ஷிப்பில் கடைசிக் குழியில் ஈகிள் (அந்தக் குழிக்குக் குறித்த அடிகளைவிட இரண்டு குறைவு) அடித்து ஒரே அடி வித்தியாசத்தில் மேஜர் வென்றவர். தூரத்தில் பின்தங்கினாலும் நேர்த்தியால் ஈடுகட்டுகிறவர். என் இரண்டாவது தேர்வு அவர்.

எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி மாலையில் வந்து பஞ்சுப் பந்து அடிக்கிறாள். ‘ஆச்சி, நம்ம ஊர்க்காரங்க யாரும் இல்லையா?’ என்று கேட்டாள். அதிதி அசோக்கைக் காட்டினேன். பெங்களூர்ப் பெண். பதினெட்டு வயதில் ரியோ ஒலிம்பிக். டோக்கியோவில் 67, 66, 68, 68 என்று நான்கு சுற்றும் ஆடி, ஒரே ஒரு அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம். தூரத்தில் பலரைவிடப் பின்னால் இருந்தும் அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுபோனது பட்டிங், அதாவது பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் தள்ளுவது. ஆகவே முழு ஸ்விங்குக்கு மியாசாதோ, பட்டிங்குக்கு அதிதி என்று அவளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். டோக்கியோ ஆட்டத்தில் அவர் பட்டிங் செய்யும் காட்சிகளை எடுத்து, பந்தைத் தட்டியபின் தலையும் தோளும் எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கின்றன என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். ஆத்தங்குடிக் கல்லில் பந்து வேகமாக ஓடும் என்பதால் அதன்மேல் ஜமக்காளம் விரித்துப் பழகுகிறோம். அடுத்து அவள் உயரத்துக்குச் சரியான நீளத்தில், எடை குறைந்த, வளையும் தண்டுள்ள 7 அயர்ன் ஒன்று வேண்டும். அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறார்.